எங்கள் ஊர் பேசும் இங்கிலாந்து

திருகோணமலையில் பிறந்தவருக்கு இங்கிலாந்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாமல் போகாது. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் முதலில் நுழைவது பிரெட்ரிக் கோட்டைக்குள். மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் மகன் பெயரை 1803இல் அந்தக் கோட்டைக்கு வைத்தார்கள். இன்றும் அதே பெயர்தான். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின், கடற்படைத் தளபதியாக இருந்தவர், 1852இல் பர்மாவில் இறந்து எங்கள் ஊர்ச் சேமக்காலையில் அடக்கமாகியிருக்கிறார். நிலாவெளி வீதியில் உலகப்போரில் மாண்டவர்களின் மயானம். சீனக்குடாக் காட்டுக்குள் அவர்கள் கட்டிய எண்ணெய்க் குதங்கள். இப்படியொரு ஊரின் தேத்தண்ணிக் கடைகளில் குந்தியிருப்பவர்கள் லண்டன் சங்கதியைப் பக்கத்து வளவுச் சங்கதிபோலக் கதைப்பது இயல்பு.

சின்ன வயதிலிருந்து அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று இங்கிலாந்தைப் புகழ்ந்தார்கள், இன்று ஏசுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டில் நாங்கள் உண்மையாகவே பார்த்துப் படிக்கவேண்டிய ஒன்று, அன்றைய புகழ்ச்சிக்குள்ளும் வரவில்லை, இன்றைய ஏச்சுக்குள்ளும் வரவில்லை. அதுதான் என் மனத்தாங்கல்.

அப்பா டொக்யாட்டில் பிற்றராக இருந்தவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படை தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துப் போனபோது பலருக்கு வேலை போனது, அவருக்கும் போனது. பிறகு வீட்டு முன்விறாந்தையில் சைக்கிளும் எஞ்சினும் திருத்தத் தொடங்கினார். அவருடைய மரப்பெட்டிக்குள் ஒரு விட்வேர்த் ஸ்பனர் செற் இருந்தது. ஸ்பனரில் 1/2 என்று வெட்டியிருந்தால் அது போல்டின் விட்டம். ஸ்பனர் வாயின் அகலம் அதைவிடப் பெரிது. இதைத் தெரியாமல் அளவுகோலை வைத்துப் பார்க்கிறவன் தவறான ஸ்பனரைத்தான் எடுப்பான். நெல் ஆலைகளில் ஓடிய லிஸ்டர் எஞ்சின்களுக்கு அந்த ஸ்பனர்கள் அச்சாகப் பொருந்தும். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அளவு வரிசையில் அடுக்கி, "வெள்ளைக்காரன் செய்த சாமான் ஏமாத்தாது தம்பி" என்பார்.

அன்றைய அபிப்பிராயம் முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடங்கும். ராலே சைக்கிள், மொறிஸ் மைனர் கார், சிங்கர் மெஷின் வரிசையில் எது நல்ல சாமான் என்றாலும் அது சீமைச் சாமான்தான். சிங்கர் அமெரிக்கக் கொம்பனி என்று சொன்னாலும் யாரும் ஏற்கமாட்டார்கள். சன்லைட் சவர்க்காரமும் அப்படித்தான். லீவர் பிறதர்ஸ் கொழும்பிலேயே சவர்க்காரம் செய்யத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகியும், எங்கள் குசினியில் அது இங்கிலாந்துச் சவர்க்காரம்.

சாமானிலிருந்து ஆட்சிக்குத் தாவுவதற்கு ஒரு மிடறு தேத்தண்ணி போதும். தெருவிளக்கு எரியவில்லையா, ஆஸ்பத்திரியில் மருந்தில்லையா, கந்தோரில் கோவை நகரவில்லையா? "வெள்ளைக்காரன் இருந்திருந்தால்..." என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 1970க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, துணிக்கும் பாணுக்கும் வரிசையில் நின்ற வருடங்களில் அந்த வசனம் பிரார்த்தனை போல ஆகிவிட்டது.

வீட்டில் அதற்கு எதிர்க்குரல் அம்மாவுடையது. "இஞ்சருங்கோ, கூப்பன் அரிசி வந்ததே அவன்ர காலத்திலதானே. அவன்ர சண்டைக்கு எங்கட உலையில அரிசி குறைஞ்சதை மறந்துபோனீங்களோ?" என்பார். அவர் சொன்னது சரி. இலங்கையில் அரிசிப் பங்கீடு 1942இல், உலகப்போரின் நடுவில் வந்தது. இங்கிலாந்திலேயே பங்கீடு முற்றாக நின்றது 1954இல்தான். போரை வென்ற நாடு ஒன்பது வருடம் கழித்தும் இறைச்சிக்கு அட்டை கிழித்துக்கொண்டிருந்தது. இந்தச் சங்கதி எங்கள் தேத்தண்ணிக் கடைக்கு எட்டவில்லை.

1942 ஏப்ரல் 9ஆம் திகதியை அம்மா மறக்கவில்லை. காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தன. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் அடிவாங்கின. விமானம் ஒன்று எண்ணெய்க் குதமொன்றில் விழ, அது நாட்கணக்கில் எரிந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அம்மா அப்போது சிறுமி. கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுப்பக்கம் ஓடியதை, பானையைக்கூட இறக்காமல் ஓடியதை, அவர் சொல்லும்போது அப்பா எதுவும் பேசமாட்டார். அந்தத் தளம் இருந்ததால் சம்பளமும் வந்தது, குண்டும் வந்தது. அப்பா சம்பளத்தை நினைவில் வைத்திருந்தார், அம்மா குண்டை.

அரசியலிலும் பெரியவர்களின் நம்பிக்கை லண்டனில்தான் இருந்தது. இலங்கையின் கடைசி மேன்முறையீடு அப்போது லண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும். தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு 1969இல் அங்கே போனபோது, எங்கள் ஊரில் அது கிரிக்கெட் மச்சைப்போலப் பேசப்பட்டது. சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று அவருடைய சம்பள உயர்வை நிறுத்தியிருந்தார்கள். அரச ஊழியர் தன் சம்பளத்துக்காக வழக்குப் போடலாம் என்று பிரிவிக் கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தச் சட்டம் செல்லுமா என்ற மூலக்கேள்வியைத் திரும்ப இலங்கை நீதிமன்றத்துக்கே அனுப்பியது. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டது. மூலக்கேள்விக்கு அதன்பிறகு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. "நீதவான் கேட்பான்" என்று காத்திருந்த பெரியவர்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. இங்கிலாந்தின் மேல் இருந்த அபிமானத்தில் முதல் வெடிப்பு அப்போது விழுந்தது என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் மீன்பிடி வள்ளங்களுக்கு ஜப்பான் எஞ்சின்கள் வந்தன. எல்லாம் மில்லிமீற்றர் அளவு. அப்பாவின் ஸ்பனர் எதுவும் பொருந்தவில்லை. அவர் புதுச் செற் ஒன்று வாங்கினார், பழையதை விற்கவில்லை.

பிறகு வந்தது போர். 1983க்குப் பிறகு ஊரில் பாதி வீடுகளில் ஒருவராவது வெளிநாடு போனார். இரவில் பிபிசி தமிழோசை கேட்பது வழக்கமானது. 1941இல் போர்ச் செய்திக்காக அவர்கள் தொடங்கிய சேவை அது. எங்கள் தெருவில் என்ன நடந்தது என்பதை லண்டன் சொல்லித்தான் தெரிந்துகொள்வோம்; குரலைத் தாழ்த்தி, கதவைச் சாத்தி, சிற்றலை இரைச்சலுக்குள் காதை வைத்துக் கேட்போம். 2017 ஏப்ரலில் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு நின்றது.

இன்று அந்த இடத்தில் வாட்ஸ்அப். ஹரோவிலிருந்து, ஈஸ்ற்ஹாமிலிருந்து, டூட்டிங்கிலிருந்து மச்சான்மாரும் மருமக்களும் எடுக்கிறார்கள். இங்கிலாந்தைப் பற்றி எங்கள் ஊருக்கு இப்போது தெரியாதது ஒன்றுமில்லை. டொக்டரைப் பார்க்க எத்தனை கிழமை காத்திருக்கவேண்டும், கவுன்சில் வரி எவ்வளவு, குளிர்காலத்தில் ஹீற்றரைப் போடாமல் எத்தனை போர்வை போர்த்திக்கொண்டு இருக்கிறார்கள், எல்லாம் தெரியும். அன்று இங்கிலாந்தைச் சாமானால் அளந்தோம். இன்று பில்லால் அளக்கிறோம்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மே 9ஆம் திகதி பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச, மறுநாள் எங்கள் கடற்படைத் தளத்துக்குத்தான் கொண்டுவரப்பட்டார். வெளியே சனம் திரண்டு நின்றது. ஜூலை 7ஆம் திகதி லண்டனில் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் விலகுவதாக அறிவித்தார். 9ஆம் திகதி கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 14ஆம் திகதி ஜனாதிபதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதம் அனுப்பினார். அந்தக் கிழமை முழுவதும் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் இரண்டு நாட்டையும் ஒன்றாக வைத்தே பேசினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் சொன்னது மனதில் பதிந்துவிட்டது: "அண்ணை, அவன் பொய் சொன்னதுக்கு அவன்ர கட்சிக்காரரே அனுப்பிப்போட்டாங்கள். இஞ்ச நாடு வத்தினாப் பிறகுதான் அனுப்பவேண்டி வந்தது."

நாங்கள் நின்ற வரிசைக்கும் சீனக்குடாவுக்கும் அதிக தூரமில்லை. அங்கே, அவர்கள் கட்டிய குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. அந்த வருடம் ஜனவரியில்தான் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்: 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கொம்பனிக்கு. ஆசியாவின் பெரிய எண்ணெய்க் குதத்தொகுதிகளில் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து லீற்றருக்கு இரவிரவாக நின்ற ஊர் எங்கள் ஊர். வெள்ளைக்காரன் போய் 65 வருடமாகியும் அந்தக் குதங்களில் பெரும்பாலானவை காட்டுக்கொடி மூடிக் கிடந்ததற்கு அவன் காரணமல்ல.

சாமான் கதையும் தலைகீழாகிவிட்டது. லண்டனிலிருந்து வந்த மருமகள் ஒருத்தி எனக்கு மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சர் சேர்ட் ஒன்று கொண்டுவந்தாள். கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தேன்: இலங்கையில் தயாரிக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் தைத்தது அங்கே போய், விலையேறி, திரும்ப வந்திருக்கிறது. அப்பா சொன்ன ஏமாற்றாத சாமானை இன்று செய்கிறவர்கள் எங்கள் பெண்பிள்ளைகள். அவர்களின் கையை யாரும் அப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. மறுபக்கம், 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் கண்டுபிடித்த கொள்கலன்களில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தது பழைய மெத்தையும் குப்பையும். மீள்சுழற்சிக்கு என்று 263 கொள்கலன்கள். மருத்துவக் கழிவும் இருந்ததாகச் சுங்கம் சொன்னது. நீதிமன்றம் வரை போய், கடைசித் தொகுதி 2022இல் திருப்பி அனுப்பப்பட்டது.

எங்கள் ஊரின் பெயரோடு ஒரு கப்பல் இங்கிலாந்தில் நிற்கிறது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய திருகோணமலை என்ற போர்க்கப்பல், இப்போது ஹாட்டில்பூல் நகரில் அரும்பொருட்சாலை. அந்த நகரத்தில் 2016 ஜூன் வாக்கெடுப்பில் பத்துக்கு ஏழு பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். எங்கள் பெயரைத் தாங்கிய கப்பலைக் காசு கொடுத்துப் பார்க்கிற ஊர், வெளியாட்கள் வருவது கூடிப்போயிற்று என்று கோபப்பட்ட ஊர்களில் ஒன்று. அவர்களை நான் வெறுக்கவில்லை. கப்பல் கட்டும் தொழில் போய், உருக்காலை சுருங்கி, தொழில் இழந்த துறைமுகம் அது. டொக்யாட் மூடிய ஊரில் வளர்ந்தவனுக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

விளங்காதது எங்கள் ஆட்களின் கதைதான். பராமரிப்புப் பணியாளர் விசா 2022இல் திறந்தபோது, எங்கள் பக்கத்தில் காணி விற்றும் நகை அடைவு வைத்தும் பலர் போனார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒரு முகவரிடம் கொடுத்த காசு இன்னும் திரும்பி வரவில்லை. 2024 மார்ச்சில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். இதைப்பற்றி ஹரோவில் இருக்கிற ஒருவரிடம் கதைத்தேன். எண்பதுகளில் அகதியாகப் போனவர். "இனிப் போதும் மச்சான், எல்லாரையும் விட்டால் நாடு தாங்காது" என்றார். அவர் போன காலத்திலும் அங்கே பலர் இதையேதான் சொன்னார்கள். அதையும் மீறி யாரோ கதவைத் திறந்துவைத்ததால்தான் அவர் உயிரோடு இருக்கிறார்.

டியேகோ கார்சியாவையும் அவருக்கு நினைவூட்டினேன். திருகோணமலையை விட்டுப் போனபிறகு இந்து சமுத்திரத்தில் தளம் தேடியவர்கள் முதலில் மாலைதீவின் கான் தீவுக்குப் போனார்கள். பிறகு சாகோஸ் தீவுகளைப் பிரித்தெடுத்து, குடியிருந்தவர்களை வெளியேற்றி, டியேகோ கார்சியாவை அமெரிக்கருக்குக் கொடுத்தார்கள். 2021 ஒக்டோபரில் பழுதான படகோடு அங்கே கரைசேர்ந்தவர்கள் தமிழ் அகதிகள். பெண்களும் குழந்தைகளும் உட்பட, மூன்று வருடத்துக்கு மேல் வேலிக்குள் கூடாரங்களில் வைத்திருந்தார்கள். அது சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீர்ப்புச் சொன்னதும் பிரித்தானிய நீதிபதிதான். அந்த நாட்டின் அநியாயமும் அந்த அநியாயத்தைக் கேட்கிற வாயும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

அந்த வாய் யாரும் கொடுத்துக் கிடைத்ததல்ல. 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று பொலிஸ் சொன்னது. சன் பத்திரிகை அதை முன்பக்கத்தில் போட்டது. தாய்தகப்பன்மார் விடவில்லை. 27 வருடம் கழித்து, 2016இல், அது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் குற்றமில்லை என்று ஜூரி சொன்னது. தபால் நிலையங்களிலும் இதுதான் நடந்தது. பிழையான கணினிக் கணக்கை நம்பி, அவற்றை நடத்தியவர்கள் 900க்கும் மேற்பட்டவர்களைத் திருடர் என்று தண்டித்தார்கள். அவர்களில் பலர் தெற்காசியக் குடும்பத்தினர். இருபது வருடம் போராடி, 2024 மே மாதத்தில் சட்டமே கொண்டுவந்து பெருந்தொகையானோரின் தண்டனையை நீக்கினார்கள். அதற்குள் பலர் செத்துப்போனார்கள். ஹில்ஸ்பரோவுக்குப் பொறுப்பான அதிகாரி எவருக்கும் அந்த மரணங்களுக்காகச் சிறையில்லை. தாமதமான, குறைப்பட்ட நீதிதான். ஆனால் கேள்வி சாகவில்லை.

லிவர்பூலில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. சன் பத்திரிகையை அந்த நகரம் அன்றிலிருந்து வாங்குவதில்லை. பல கடைக்காரர் விற்பதே இல்லை. மகன் அல்லது மகளை இழந்த குடும்பங்களுக்காக ஒரு நகரமே முப்பது வருடத்துக்கு மேலாக, ஒவ்வொரு காலையும், கடை வாசலில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் பார்த்துப் படிக்கவேண்டியது இதுதான்.

எங்கள் ஊரில் 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில், கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள். விசேட அதிரடிப்படையினர் 13 பேர் பல வருடங்களுக்குப் பிறகு கைதாகி, 2019 ஜூலையில் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். பிள்ளையை இழந்த தகப்பன் ஒருவர், மருத்துவர், பயமுறுத்தல்களால் நாட்டைவிட்டுப் போய், ஜெனீவா வரை சென்று கேட்டார். ஒவ்வொரு ஜனவரி 2ஆம் திகதியும் அந்த இடத்தில் விளக்கேற்றுகிறவர்கள் ஒரு சிலரே. இங்கிலாந்துப் பிரதமர் லிஸ் ட்ரஸ் 49 நாளில் போன கதையை விடிய விடியக் கதைக்கிற வாய்கள் அன்றைக்கு வீட்டுக்குள் இருக்கின்றன. பயம் எனக்கும் தெரியும். இந்த ஊரில்தான் போர்க்காலம் முழுவதும் இருந்தேன். ஆனால் இருபது வருடம் ஆகிவிட்டது. லிவர்பூல் தாய்மார் 27 வருடம் நின்றார்கள்.

லண்டனில் இருக்கிற எங்கள் உறவுகளுக்கு ஒரு வசதி உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டோடு சட்டப்படி அங்கே வசிக்கிறவர்கூட, பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் அந்த நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கலாம். 2024இல் உமா குமரன் என்ற தமிழ்ப்பெண்ணே அவர்களின் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். தொகுதி எம்பிக்குக் கடிதம் எழுதினால் பதில் எழுதவேண்டிய வழக்கம் அங்கே இருக்கிறது. காஸ் பில்லைப் பற்றி எழுதுகிற அதே கையால் இந்த ஐந்து பிள்ளைகளைப் பற்றியும் எழுதலாம். ஊரில் இருக்கிற நாங்கள் வருகிற ஜனவரி 2ஆம் திகதி மாலை காந்தி சிலையடிக்குப் போகலாம். தேத்தண்ணிக் கடையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். இங்கிலாந்தைப் பற்றிய கதையை அங்கேயும் கதைக்கலாம். அந்த ஐந்து பிள்ளைகளைச் சுட்டது யார் என்ற கேள்வியையும் எல்லோரும் சேர்ந்து சத்தமாகக் கேட்கவேண்டும்.